வெளிநாடு செல்வோர்: ஊதியமா, பணிச்சூழலா?

தில்லி மாநகரின் வட்டச்சாலையை ஒட்டி, அன்சாரி நகரில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் அமைந்துள்ளது. அங்கிருந்து சில நிமிடப் பயணத் தொலைவில், பிகாஜி காமா பிளேசில் மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகம் இருக்கிறது. முதல் கட்டடத்தில் மாணவராக நுழைய நாடெங்குமிருந்து இளைஞர்கள் கடுமையாகப் போட்டியிடுகின்றனர். அங்கே கற்றுத் தேறியோரில் பலர் சில ஆண்டுகளில் வெளிநாட்டுப் பயணத்துக்கான ஆவணங்களைத் திரட்டத் தொடங்கிவிடுகின்றனர். இவ்விரு கட்டடங்களுக்கும் இடையேயுள்ள தொலைவு சிறிது. அதைக் கடக்கச் செய்யும் காரணங்களோ பல. அவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாட்டைவிட்டுச் செல்வோரைப் பற்றி நம்மிடையே இரு கருத்துகள் நிலவுகின்றன. மக்கள் வரிப்பணத்தில் படித்துவிட்டு அயல்நாட்டுக்கு உழைப்பது நன்றி மறந்த செயல் என்பது ஒன்று. எங்கு நல்வாழ்வு கிடைக்குமோ அங்குச் செல்வது ஒவ்வொருவரின் உரிமை என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் ஒருவர் தம் பெற்றோரையும் மொழியையும் ஊரையும் விட்டுப் புறப்படும் முடிவை எந்த நாளில், எதனால் எடுக்கிறார் என்ற கேள்வியை இவ்விரண்டும் எழுப்புவதில்லை. பொருளாதார நோக்கில் அதுவே முதன்மையான கேள்வியாகும்.

பழைய பயணமும் புதிய பயணமும்

கடல் கடந்து செல்வது தமிழருக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை, மலேயா, மொரீஷியஸ், நேட்டால் ஆகிய நாடுகளின் தோட்டங்களுக்கு நம்மவர் கூட்டங்கூட்டமாகச் சென்றனர். 1860ஆம் ஆண்டு நவம்பரில் டர்பன் துறைமுகத்தை அடைந்த 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்தே புறப்பட்டது. பஞ்சமும் கடனும் அவர்களை ஊரைவிட்டுத் துரத்தின. மேலான வாழ்வு கிடைக்கும் என்ற வாக்குறுதி அவர்களை அழைத்துச் சென்றது. சென்ற இடத்தில் கிடைத்ததோ ஒப்பந்தக் கூலி முறையின் கொடுமை. இம்முறையில் ஆள் சேர்ப்பது 1917இல் நிறுத்தப்பட்டது. 1922இல் இயற்றப்பட்ட குடிபெயர்வுச் சட்டம் இந்த அனுபவத்தின் பின்னணியில் பிறந்தது.

விடுதலைக்குப் பிந்திய பயணம் வேறு வகையானது. ஐக்கிய அமெரிக்கா 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆண்டுக்கு 100 இந்தியர்களையே குடியேற அனுமதித்தது. 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் நாட்டுவாரியான பழைய ஒதுக்கீட்டை நீக்கிக் கல்விக்கும் தொழில் திறமைக்கும் இடமளித்தது. அதன்பின் மருத்துவரும் பொறியாளரும் விஞ்ஞானிகளும் பெருமளவில் செல்லலாயினர். 1970களில் எண்ணெய் விலை உயர்ந்ததும் வளைகுடா நாடுகள் கட்டடத் தொழிலாளர்களையும் செவிலியர்களையும் அழைத்தன. ஆக, இன்று நாட்டைவிட்டுச் செல்வோரில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரும் உளர், கொத்தனாரும் உளர். இருவரும் தேடுவது ஒன்றே. உழைப்புக்கு ஏற்ற ஊதியமும், மதிப்போடு உழைக்க ஓர் இடமும் அவர்களுக்கு வேண்டும்.

எவர் செல்கின்றனர்?

நாட்டில் மருத்துவ வசதி பற்றி ஆராய்ந்த போர் குழு 1946இல் அளித்த அறிக்கையின் பயனாகவே தில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் தோன்றியது. 1956ஆம் ஆண்டின் சட்டம், பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வியில் நாடு தன்னிறைவு பெறுவதைக் கழகத்தின் நோக்கங்களுள் ஒன்றாகக் கூறுகிறது. உயர்கல்விக்காக இந்திய மருத்துவர் இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டிய நிலை மாறவேண்டும் என்று அன்றைய தலைவர்கள் கருதினர். மாணவரிடம் பெறப்படும் கட்டணம் பெயரளவுக்கே. செலவு முழுவதும் பொதுக் கருவூலத்தினுடையது.

இக்கழகத்தில் 1989 முதல் 2000 வரை பட்டம் பெற்றவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2008இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்தது. அவர்களில் ஏறத்தாழ 54 விழுக்காட்டினர் வெளிநாட்டில் வாழ்வதை அது காட்டியது. பொதுப் பிரிவில் சேர்ந்தவர்கள் வெளிநாட்டில் வாழும் வாய்ப்பு, இடஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களைப்போல இரு மடங்காக இருந்தது. பல பரிசுகளை வென்றவர்கள் மற்றவர்களைவிட 35 விழுக்காடு கூடுதலாகச் சென்றிருந்தனர். மிகச் சிறந்தவர்கள் என்று நாம் பரிசளித்துப் பாராட்டியவர்களே மிகுதியாகப் புறப்பட்டனர் என்பது இதன் பொருள்.

ஆனால் இவர்கள் இங்கேயே இருந்திருந்தால் கிராமங்களில் மருத்துவர் பற்றாக்குறை தீர்ந்திருக்கும் என்று முடிவு செய்வது தவறாகும். 2021–22ஆம் ஆண்டின் ஊரக நலவாழ்வுப் புள்ளிவிவரங்களின்படி, கிராமப்புறச் சமுதாய நலவாழ்வு மையங்களுக்குத் தேவையான சிறப்பு மருத்துவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் இல்லை. அதே காலத்தில் தில்லி போன்ற பெருநகரங்களில் சிறப்பு மருத்துவர்கள் குவிந்திருக்கின்றனர். கிராமத்தில் மயக்க மருந்து நிபுணர் இல்லை, எனவே அறுவை மருத்துவர் தங்குவதில்லை, கருவி பழுதானால் சீர்செய்ய ஆளில்லை, குடியிருப்பு இல்லை, பிள்ளைகளுக்குத் தக்க பள்ளி இல்லை. இக்குறைகளே ஒருவரைக் கிராமத்திலிருந்து நகரத்துக்கு அனுப்புகின்றன. நகரத்தில் அவர் காணும் குறைகள் அவரை அயல்நாட்டுக்கு அனுப்புகின்றன. உள்நாட்டு இடப்பெயர்வும் வெளிநாட்டு இடப்பெயர்வும் ஒரே ஏணியின் படிகள். தமிழகத்துச் சிற்றூரிலிருந்து உத்தியோகம் நாடித் தில்லிக்கு வந்து பல்லாண்டுகள் கழித்துவிட்ட இக்கட்டுரையாளனும் அந்த ஏணியில் ஒரு படி ஏறியவனே. ஆகவே மேற்படியில் நிற்பவரைக் கடிந்துகொள்ளும் தகுதி தனக்கு இருப்பதாக அவன் எண்ணவில்லை.

ஊதியம் மட்டுமா காரணம்?

ஊதிய வேற்றுமை பெரிது என்பதில் ஐயமில்லை. நாட்டின் தலா வருமானம் உயர்ந்தாலன்றி அது குறையாது. அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகலாம். ஆனால் பணிச்சூழல் அத்தகையதன்று. அதில் பெரும்பகுதி பணத்தால் அமைவதில்லை. விதிகளாலும், அவ்விதிகளைக் கடைப்பிடிக்கும் உறுதியாலும் அமைகிறது.

பணி நேரத்தை எடுத்துக்கொள்வோம். பயிற்சி மருத்துவர்களின் தொடர்ப்பணி நாளொன்றுக்குப் பொதுவாக 12 மணி நேரத்துக்கும், வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கும் மேற்படக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் 1992இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. 32 ஆண்டுகளுக்குப் பின், 2024இல், மருத்துவ மாணவர்களின் மனநலம் குறித்து ஆராய்ந்த தேசியப் பணிக்குழு, வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் பணி கூடாது என்று பரிந்துரைத்தது. ஏட்டில் 48 என்று இருக்க, 74 மணி நேரமே ஒரு சீர்திருத்தமாகத் தோன்றும் நிலையை இது உணர்த்துகிறது.

மேலைநாடுகளில் மருத்துவர் ஓய்வாக இருக்கிறார் என்று கருதுவதும் சரியன்று. ஐக்கிய அமெரிக்காவில் பயிற்சி மருத்துவர்களுக்கு 2003இல் விதிக்கப்பட்ட உச்சவரம்பு வாரத்துக்கு 80 மணி நேரம். ஐரோப்பிய ஒன்றியத்தில் சராசரி 48 மணி நேரம் என்ற விதி 2009 முதல் இளம் மருத்துவர்களுக்கும் முழுமையாகப் பொருந்தியது. எண் எதுவாயினும், அங்கே விதி மீறப்பட்டால் முறையிட ஓர் இடம் உண்டு. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா மருத்துவமனையில் பணியில் இருந்த பெண் மருத்துவர் கொலையுண்டபோது நாடெங்கும் மருத்துவர்கள் வீதிக்கு வந்தனர். உச்ச நீதிமன்றம் அவர்களுடைய பாதுகாப்புக்கு வழிகூறத் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. இரவுப் பணியில் உறங்கக் கதவுடைய ஓர் அறை வேண்டும் என்பது அன்று எழுந்த கோரிக்கைகளுள் ஒன்று. இது ஆடம்பரம் அன்று.

வாழ்க்கைத் தரம் என்பது மருத்துவமனைச் சுவர்களுக்கு வெளியேயும் தொடர்கிறது. குளிர்காலத்தில் தில்லியின் காற்று எத்தகையது என்பதை இங்கு வாழ்வோர் அறிவர். பிள்ளையின் இருமலுக்கு மருந்து வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் தந்தை, அயல்நாட்டு வேலைவாய்ப்புக் கடிதத்தை மறுமுறை படித்துப் பார்க்கிறார் என்றால் அவரைக் குறைகூற இயலாது.

ஒரு செவிலியரின் கணக்கு

இக்கட்டுரையாளனின் உறவுப் பெண் ஒருவர் தமிழ்நாட்டில் செவிலியர் பட்டம் பெற்று, தில்லியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பணியில் சேர்ந்தார். சேர்ந்த அன்றே மூலச் சான்றிதழ்களை ஒப்படைக்க வேண்டியிருந்தது. இரண்டாண்டு பணிபுரிவதாகப் பிணைமுறியும் எழுதிக் கொடுத்தார். இரவுப் பணி முடிந்த காலையில், மாற்று ஆள் வராத காரணத்தால் பகலிலும் தொடர்ந்து நின்ற நாட்கள் பல. இன்று அவர் அயர்லாந்தில் பணியாற்றுகிறார். ஊர் வந்திருந்தபோது ஊதியத்தைப் பற்றி வினவினேன். "சம்பளம் கூடுதல்தான் மாமா, வீட்டு வாடகையும் அங்கே கூடுதல். ஆனால் அடுத்த மாதம் எந்த நாளில் எனக்கு விடுப்பு என்பது இன்றே எனக்குத் தெரியும். பணி நேரம் முடிந்ததும் யாரும் என்னைத் தடுத்து நிறுத்துவதில்லை" என்றார். ஊதியத்தைக் கேட்ட எனக்கு அவர் நேரத்தைக் கூறினார். பொருளாதாரம் படித்த நான் கேட்க மறந்த கேள்விக்கு அது விடையாக அமைந்தது.

இது ஒருவரின் குறை மட்டுமன்று. 2011, 2012 ஆண்டுகளில் தில்லி, மும்பை நகரங்களிலும் கேரளத்திலும் தனியார் மருத்துவமனைச் செவிலியர்கள் ஊதியத்துக்காகவும், பிணைமுறிக்கு எதிராகவும் போராடினர். செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் வழங்கிய தீர்ப்பையொட்டி மத்திய அரசு வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. எத்துணைச் சிறிய மருத்துவமனையாயினும் மாத ஊதியம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்றும், 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் வேண்டும் என்றும் அக்குழு பரிந்துரைத்தது. இதனைச் செயற்படுத்தத் தில்லி அரசு 2018இல் ஆணையிட்டது. அதனை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கைத் தில்லி உயர் நீதிமன்றம் 2019இல் தள்ளுபடி செய்தது. சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், ஒரு பரிந்துரை நடைமுறையாக ஆண்டுகள் பல தேவைப்படுகின்றன. அவ்வாண்டுகளில் காத்திருக்க இயலாதவர் புறப்பட்டுவிடுகிறார்.

வரவும் செலவும்

வெளிநாடு செல்வோரால் நாட்டுக்கு வரவும் உண்டு. இந்திய ரிசர்வ் வங்கியின் கணக்கெடுப்பின்படி 2023–24இல் அவர்கள் அனுப்பிய தொகை 11,870 கோடி டாலர். அதே ஆண்டில் நாட்டுக்கு வந்த அந்நிய நேரடி முதலீட்டைவிட இது மிகுதி. இத்தொகையில் கேரளத்தின் பங்கு 19.7 விழுக்காடு, தமிழ்நாட்டின் பங்கு 10.4 விழுக்காடு. ஐக்கிய அமெரிக்காவிலிருந்து 27.7 விழுக்காடும், வளைகுடாவின் ஆறு நாடுகளிலிருந்து ஏறத்தாழ 38 விழுக்காடும் வந்தன. 2016–17இல் முதலிடத்தில் ஐக்கிய அரபு அமீரகம் இருந்தது. இப்போது அவ்விடத்தை அமெரிக்கா பெற்றுவிட்டது. உயர்திறன் பெற்றோரின் பங்கு வளர்ந்து வருவதை இம்மாற்றம் காட்டுகிறது.

எனினும் வரவும் செலவும் ஒரே பேரேட்டில் எழுதப்படுவதில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். பயிற்சிக்கான செலவு பொதுக் கருவூலத்தின் கணக்கில் ஏறுகிறது. அனுப்பப்படும் பணம் தனிப்பட்ட குடும்பங்களின் கணக்கில் சேருகிறது. நாட்டின் மொத்தக் கணக்கு சமன்பட்டாலும், மருத்துவர் இல்லாத சிற்றூரின் கணக்கு சமன்படுவதில்லை. இக்குறையை நீக்க, தில்லிப் பொருளாதாரப் பள்ளியில் முன்னர்ப் பணியாற்றிய பேராசிரியர் ஜகதீஷ் பகவதி 1970களில் ஒரு யோசனை கூறினார். வளர்ந்த நாடுகளில் குடியேறிய தொழில்திறன் பெற்றோரின் வருமானத்தின்மீது சிறு வரி விதித்து, அத்தொகையை வளரும் நாடுகளின் மேம்பாட்டுக்குப் பயன்படுத்தலாம் என்பது அது. அந்த வரி நடைமுறைக்கு வரவில்லை. யோசனை கூறியவரும் 1968இலேயே அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்துவிட்டவர் என்பது இப்பிரச்சினையின் சிக்கலுக்கு ஓர் எடுத்துக்காட்டு.

கதவை அடைக்க இயலுமா?

செல்வோரைத் தடுத்துவிடலாமே என்று சிலர் கேட்கின்றனர். வெளிநாட்டுப் பயணம் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் தனிமனிதச் சுதந்திரத்தின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1967இல் தீர்ப்பளித்தது. கடவுச்சீட்டுச் சட்டம் அவ்வாண்டிலேயே இயற்றப்பட்டது. 1978ஆம் ஆண்டின் மேனகா காந்தி வழக்கு இவ்வுரிமையை மேலும் வலுப்படுத்தியது. சட்டம் இடங்கொடுப்பினும், விருப்பமின்றித் தங்கவைக்கப்பட்ட மருத்துவரால் நோயாளிக்கும் நன்மையில்லை. ஆய்வாளரால் ஆய்வுக்கும் நன்மையில்லை.

இருவரின் வரலாறு இங்கு நினைவுக்கு வருகிறது. ஹர் கோவிந்த் கொரானா லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் 1948இல் முனைவர் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு தாயகம் திரும்பினார். அவருக்குத் தகுந்த பணி கிடைக்கவில்லை. மீண்டும் இங்கிலாந்து சென்று, பின்னர்க் கனடாவிலும், அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலும் ஆராய்ந்து 1968இல் நோபல் பரிசு பெற்றார். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் அதே விஸ்கான்சினில் ஆராய்ச்சி செய்து, அங்கு வந்த பணிவாய்ப்பை மறுத்து 1954இல் தாயகம் திரும்பினார். அவ்வாண்டிலேயே தில்லி பூசாவிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. அங்கிருந்து எழுந்த கோதுமைப் புரட்சியை நாடு அறியும். இருவரின் நாட்டுப்பற்றிலும் நாம் வேற்றுமை காணவேண்டியதில்லை. திரும்பி வந்தபோது ஒருவருக்கு ஆய்வுக்கூடம் திறந்திருந்தது, மற்றவருக்குத் திறந்திருக்கவில்லை.

இதனை உணர்ந்தே 1958இல் விஞ்ஞானிகள் சேமக்குழுத் திட்டம் தொடங்கப்பட்டது. திரும்பி வருவோருக்கு நிலையான வேலை கிடைக்கும்வரை இது தற்காலிக இடமளித்தது. அண்மைக் காலத்தில் உயிரித் தொழில்நுட்பத் துறை, அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராக இருந்த டாக்டர் வி. ராமலிங்கசுவாமியின் பெயரால் மறுவரவு ஆய்வுதவித் திட்டத்தை நடத்தி வருகிறது. தென்கொரியா 1966இல் நிறுவிய அறிவியல் தொழில்நுட்ப நிலையத்துக்குத் தன் விஞ்ஞானிகளை அமெரிக்காவிலிருந்து அழைத்தபோது, நல்ல ஊதியத்தோடு ஆய்வில் தன்னுரிமையையும் உறுதியளித்தது. தற்காலிக இடத்துக்கும் உறுதியான பணிக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வனுபவத்திலிருந்து நாம் அறியலாம்.

சென்ற இடத்தின் நிலை

வெளிநாடு என்றாலே நல்வாழ்வு என்ற எண்ணமும் திருத்தப்பட வேண்டும். 2014இல் ஈராக்கின் திக்ரித் நகரில் போருக்கிடையே சிக்கி மீண்ட 46 செவிலியரில் பலர், கடன் வாங்கிச் சென்றவர்கள்; ஊதியம் பெறாமல் திரும்பியவர்கள். 2024 ஜூனில் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பில் மூண்ட தீயில் 40க்கும் மேற்பட்ட இந்தியர் உயிரிழந்தனர். நெரிசலான அறையும் அடைபட்ட வழியும் எந்த நாட்டிலும் உயிருக்கு உலைதான்.

எனவே புறப்படுவோர் சிலவற்றை அறிந்திருத்தல் நலம். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவுபெற்ற முகவர் வழியாகவே ஆள் சேர்க்கலாம். முகவர் பெறக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே. குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் கடவுச்சீட்டு உடையோர் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்போது அனுமதி பெறுதல் வேண்டும். அவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா திட்டத்தின்கீழ் 10 இலட்சம் ரூபாய்க்குக் காப்பீடு உண்டு. 1978இல் தமிழக அரசு நிறுவிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இயங்குகிறது. வேலை ஒப்பந்தத்தின் படி ஒன்றைப் புறப்படும் முன் வீட்டில் வைத்துச் செல்வது எளிய, ஆனால் இன்றியமையாத பாதுகாப்பாகும்.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, 1992ஆம் ஆண்டு நெறிமுறை போன்று ஏற்கெனவே உள்ள பணிநேர விதிகளைச் செயற்படுத்த வேண்டும். ஒவ்வொரு பயிற்சி மருத்துவமனையும் பணிநேரப் பட்டியலை வெளிப்படையாக வைக்குமாறு செய்தால், இதற்கெனப் புதிய செலவு மிகுதியாக ஏற்படாது. இரண்டாவதாக, ஊழியரின் மூலச் சான்றிதழ்களை நிறுவனங்கள் கைப்பற்றி வைக்கும் வழக்கம் முற்றிலும் ஒழிய வேண்டும். மூன்றாவதாக, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களைக் காலியாக வைத்திராமல் உரிய காலத்தில் நிரப்ப வேண்டும். ஒருவர் இல்லாத இடத்தின் சுமை இருப்பவரின் தோளில் ஏறி, அவரையும் வெளியேற்றுகிறது. நான்காவதாக, கிராமப்புற மையங்களுக்கு மருத்துவரைத் தனித்தனியாக அனுப்பாமல், அறுவை மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், செவிலியர் ஆகியோரைக் குழுவாக, குடியிருப்போடு அனுப்ப வேண்டும். ஐந்தாவதாக, பயிற்சி பெற்றோரைப் பெறும் நாடுகள் அப்பயிற்சியின் செலவிலும் பங்கேற்குமாறு இருதரப்பு ஒப்பந்தங்களில் வலியுறுத்த வேண்டும். சுகாதாரப் பணியாளரைப் பிற நாட்டிலிருந்து சேர்ப்பது குறித்து உலக சுகாதார நிறுவனம் 2010இல் ஏற்ற நன்னெறிக் கோவை இதற்குத் துணைநிற்கும்.

இவையனைத்தும் நிறைவேறினாலும் சிலர் செல்லவே செய்வர். அறிவைத் தேடியும் அனுபவத்தைத் தேடியும் செல்வது நல்லதே. வேறு வழியின்றிச் செல்லும் நிலையையே நாம் மாற்ற வேண்டும். அன்சாரி நகரில் இரவுப் பணி முடித்து வெளியே வரும் இளம் மருத்துவர், வட்டச்சாலையில் எந்தத் திசையில் பேருந்து ஏறுகிறார் என்பதை அவர் கழித்த அந்த இரவே முடிவு செய்கிறது. அவ்விரவைச் சற்றே செம்மைப்படுத்துவது நம் ஆற்றலுக்கு உட்பட்ட செயல்.